கூலி வேலை சொந்தத் தொழிலாகும்போது
வீட்டுத் துப்புரவுத் தொழில் தொடங்குவோர் அறிய வேண்டியவை

பெங்களூர் நகரம் கண் விழிக்கும் முன்பே வேலைக்குப் புறப்படுகிறவர்களில் தமிழ்ப் பெண்கள் ஏராளம். அல்சூர், மர்பி டவுன், ஸ்ரீராமபுரம், ஈஜிபுரா சந்துகளிலிருந்து நடந்து வருகிறவர்கள் உண்டு. மாரிக்குப்பத்தில் இருட்டோடு ரயில் ஏறி, பங்காருப்பேட்டை வழியாக வந்து இறங்குகிறவர்களும் உண்டு. நாலு வீடு பெருக்கித் துடைத்து, பாத்திரம் தேய்த்து, மாலை மங்கும்போது திரும்புகிறார்கள்.

இந்த உறவு இன்று நேற்று ஏற்பட்டதல்ல. 1809-ல் இங்கே கண்டோன்மெண்ட் அமைந்தபோது, சென்னைப் பட்டாளத்தோடு வந்து குடியேறிய தமிழர்கள் பலர். வெள்ளைக்காரர் பங்களாக்களில் சமையலுக்கும், பிள்ளை வளர்ப்புக்கும், தோட்ட வேலைக்கும், துப்புரவுக்கும் நின்றவர்களில் அவர்கள் மிகுதி. பிற்காலத்தில், 2001 பிப்ரவரி 28-ல் கோலார் தங்கச் சுரங்கம் மூடப்பட்டதும், அங்கிருந்த குடும்பங்கள் பலவும் பிழைப்புக்காகத் தினசரி ரயிலை நம்பத் தொடங்கின.

ஆக, வீட்டைச் சுத்தம் செய்யும் கலை நம்மவர்களுக்குப் புதிதல்ல. இரண்டு தலைமுறை, மூன்று தலைமுறை அனுபவம் கையில் இருக்கிறது. ஆனால் அந்த வேலைக்கு விலை சொல்கிறவர் மட்டும் எப்போதும் வேறு யாரோ. மாதச் சம்பளத்தை வீட்டம்மா தீர்மானிக்கிறார். ஆள் பிடித்துத் தரும் ஏஜென்ட் முதல் மாதச் சம்பளத்தில் தன் பங்கை எடுத்துக்கொள்கிறார். கைப்பேசி வழியாக ஆள் அனுப்பும் பெரிய கம்பெனிகளில் கட்டணத்தைக் கம்பெனி தீர்மானிக்கிறது.

அந்த விலையை உழைக்கிறவரே சொல்ல முடியுமா? முடியும். வீட்டுத் துப்புரவைச் சிறு தொழிலாக எடுத்து நடத்தினால் அது நடக்கும். அதற்குப் பெரிய மூலதனம் தேவையில்லை. நாணயமும், கணக்கும், சில வேலைகளை மறுக்கும் துணிவும் தேவை.

தரகு வேறு, தொழில் வேறு

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்ள வேண்டும். பத்துப் பெண்களின் போன் நம்பரை வைத்துக்கொண்டு, கேட்கிற வீட்டுக்கு ஒருவரை அனுப்பிவிட்டுக் கமிஷன் வாங்குவது தரகு. வீட்டைப் போய்ப் பார்த்து, இன்ன வேலை இன்ன தொகைக்கு என்று பேசி, முடித்துக் காட்டி, குறை இருந்தால் தானே சரிசெய்து கொடுப்பது தொழில்.

தரகருக்குப் பொறுப்பு இல்லை. வேலை கெட்டால், "அந்தப் பொம்பளை சரியில்லை" என்று சொல்லி ஒதுங்கிவிடலாம். தொழில் நடத்துகிறவர் அப்படிச் சொல்ல முடியாது. வீட்டுக்காரரிடம் தன் ஆளுக்காகவும், தன் ஆளிடம் வீட்டுக்காரருக்காகவும் பதில் சொல்ல வேண்டியவர் அவரே. இந்த இரண்டு பக்கப் பொறுப்பை ஏற்க மனம் உள்ளவர்தான் இதில் இறங்க வேண்டும்.

ஆபீசில் குமாஸ்தாவாக இருக்கும் கணவன், வீட்டு வேலையில் தேர்ந்த மனைவி, கூட வேலை செய்யும் அக்கம்பக்கத்துப் பெண்கள் இருவர் என்று நாலு பேர் சேர்ந்தால் போதும். ஒருவருக்குக் கணக்கெழுதத் தெரியும். மற்றவர்களுக்கு வேலை தெரியும். கணக்கெழுதத் தெரிந்தவர் முதலாளி, வேலை தெரிந்தவர்கள் கூலிகள் என்று ஆகிவிட்டால், பழைய கதைதான் புதுப் பெயரில் நடக்கும். தொடங்கும் நாளிலேயே பங்கு எவ்வளவு, கூலி எவ்வளவு என்று எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

எந்த வேலையை எடுப்பது?

தினமும் பெருக்கித் துடைக்கும் வேலைக்கு ஒவ்வொரு வீட்டிலும் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார். அவருடைய சோற்றில் கை வைத்துத் தொழில் தொடங்க வேண்டியதில்லை. அவரால் தினசரி செய்ய முடியாத பெரிய வேலைகள்தான் இந்தத் தொழிலுக்கு ஆதாரம்.

வாடகை வீடு மாறுவது இந்த ஊரில் ஓயாமல் நடக்கும். காலி செய்யும்போது பெயிண்டிங் செலவென்று வீட்டுக்காரர் அட்வான்ஸில் பிடித்துக்கொள்ளும் வழக்கமும் தெரிந்ததே. ஆகவே, சாவியை ஒப்படைக்கும் முன் வீட்டைத் துலக்கிக் கொடுக்க ஆள் தேடுவோர் பலர். புதிதாகக் குடிவருகிறவரும் பால் காய்ச்சும் முன் ஒருமுறை கழுவச் சொல்வார். வெள்ளையடித்த வீடு, மராமத்து நடந்த வீடு, புதிதாகக் கட்டி முடித்த அடுக்குமாடி வீடு ஆகியவற்றில் சிமெண்ட் தூசியும் பெயிண்ட் துளியும் எடுப்பது தனி வேலை.

பண்டிகைக் காலம் இன்னொரு பருவம். பொங்கல் என்கிற சங்கராந்தி, யுகாதி, வரமகாலட்சுமி நோன்பு, ஆயுத பூஜை, தீபாவளி ஆகிய ஒவ்வொன்றுக்கும் முந்திய இரண்டு வாரம் வேலை குவியும். சமையலறை எண்ணெய்ப் பிசுக்கு, பரண், மின்விசிறி, ஜன்னல், குளியலறை உப்புக்கறை ஆகிய ஐந்தையும் நன்றாகச் செய்யத் தெரிந்தவருக்கு ஆண்டு முழுவதும் அழைப்பு வரும்.

ஊர் முழுவதும் ஓட வேண்டாம். நடந்தோ ஒரே பஸ்ஸிலோ போகக்கூடிய இரண்டு மூன்று லேஅவுட்டுகளைப் பிடித்தால் போதும். ஒயிட்ஃபீல்டில் காலை, பனசங்கரியில் பிற்பகல் என்று ஒப்புக்கொண்டால் லாபத்தை டிராபிக் தின்றுவிடும்.

அழைக்கிற வீடு கன்னட வீடாக இருக்கலாம். தெலுங்கு, இந்தி, மலையாளம் பேசுவதாகவும் இருக்கலாம். ஆனாலும் ஊர் மொழி கன்னடம். கெலசா என்றால் வேலை, கசா என்றால் குப்பை, பொரகே என்றால் துடைப்பம், குடிசு என்றால் பெருக்கு, ஒரெசு என்றால் துடை, தொளெ என்றால் கழுவு. இவ்வளவு தெரிந்தால் போதும் என்று நின்றுவிடாமல், பேரம் பேசவும், குறை கேட்கவும், ரசீது எழுதவும் தெரிந்துகொள்வது தொழிலுக்குப் பலம்.

கைமுதல்

பூந்துடைப்பம், தென்னந்துடைப்பம், ஒட்டடைக் குச்சி, நீண்ட கைப்பிடியுள்ள மாப், தண்ணீர் தள்ளும் வைப்பர், இரண்டு நிற பக்கெட், தேய்க்கும் பிரஷ்கள், மைக்ரோஃபைபர் துணி இரண்டு டஜன், ரப்பர் கையுறை, முகக்கவசம், கண்ணாடி, வழுக்காத செருப்பு, ஆடாத அலுமினிய ஏணி. இவற்றோடு தொடங்கலாம். ஈரத்தையும் உறிஞ்சும் வாக்குவம் மெஷினை முதல் நாளே வாங்க வேண்டியதில்லை. வேலை வரும் நாளில் வாடகைக்கு எடுத்து, மாதத்தில் எத்தனை நாள் தேவைப்படுகிறது என்று பார்த்த பிறகு வாங்கினால் கடன் சுமையாகாது.

கடன் தேவைப்பட்டால் வட்டிக்காரரிடம் போவதற்கு முன் பாங்கில் கேட்கலாம். 2015 ஏப்ரலில் தொடங்கிய முத்ரா திட்டத்தில், சிசு என்ற பிரிவில் 50,000 ரூபாய் வரை ஈடு ஜாமீன் இல்லாமல் சிறு தொழிலுக்குக் கடன் உண்டு. கேட்கப் போகும்போது வாங்க வேண்டிய சாமான்களின் விலைப் பட்டியலும், இரண்டு மூன்று மாத வரவு செலவுக் குறிப்பும் கையில் இருந்தால், பேச்சுக்கு மதிப்பு கூடும்.

செய்துவரும் மாதச் சம்பள வீடுகளை ஒரே நாளில் விட்டுவிடக் கூடாது. காலையில் இரண்டு வீட்டை வைத்துக்கொண்டு, வாரத்தில் இரண்டு மூன்று நாள் பெரிய வேலை எடுப்பதே புத்திசாலித்தனம். அரிசி வாங்கும் பணம் நிச்சயமாக இருக்கும்போதுதான் நியாயமான விலைக்கு உறுதியாக நிற்க முடியும்.

விலை சொல்லும் முறை

போனில் விலை சொல்லாமல், வீட்டைப் பார்த்தபின் சொல்ல வேண்டும். "ரெண்டு பெட்ரூம்தான்" என்பார்கள். போய்ப் பார்த்தால் ஐந்து வருடம் தொடாத எக்ஸாஸ்ட் ஃபேன், மூன்று பால்கனி, புறா எச்சம், சுவரெல்லாம் குழந்தையின் கிரேயான் கிறுக்கல். நேரில் போக முடியாவிட்டால் கைப்பேசியில் வீடியோ அனுப்பச் சொல்லலாம்.

கணக்கு விளங்குவதற்காக ஓர் உதாரணம். காலியான வீடு ஒன்றை மூன்று பேர் ஒரு நாளில் முடிக்க வேண்டும். தலைக்கு 900 ரூபாய் கூலி என்றால் 2,700. சோப்பு, திரவம், துணிக்கு 200. சாமான்களோடு ஆட்டோ போய்வர 400. கருவிகளின் தேய்மானத்துக்கு 200. ஆக, அடக்கம் 3,500 ரூபாய். 4,000-க்குப் பேசினால் மிச்சம் 500. போன் செலவு, வேலை இல்லாத நாள், உடைந்த கண்ணாடிக்கு ஈடு, திரும்பிப் போய்ச் சரிசெய்யும் நேரம் எல்லாவற்றுக்கும் இந்த 500-தான் பொறுப்பு.

இப்போது பக்கத்துத் தெருவில் ஒருவர் 3,000-க்கு வருவதாகச் சொல்கிறார். வேலை போய்விடுமே என்று இவரும் 3,000-க்கு இறங்குகிறார். ஆட்டோக்காரர் குறைக்க மாட்டார். சோப்புக் கடைக்காரரும் குறைக்க மாட்டார். 800 ரூபாய் வெளிச்செலவு போக, மூன்று பேருக்கும் சேர்த்து மிஞ்சுவது 2,200. தலைக்கு 733 ரூபாய். விலையைக் குறைத்தவர் தொழில் நடத்துகிறவர். அதைச் சுமந்தவர் தரை தேய்த்த பெண். போட்டி என்று சொல்லி இறங்கும் ஒவ்வொரு ரூபாயும் எங்கே போய் விழுகிறது என்பதற்கு இந்தக் கணக்கே சாட்சி.

தொழில் நடத்தும் பெண்மணி தானும் வேலை செய்தால், தன் கூலியைத் தனியாகவும் மிச்சத்தைத் தனியாகவும் எழுத வேண்டும். மாதத்துக்கு இப்படி 12 வேலை கிடைத்தால் கூலி 10,800, மிச்சம் 6,000, ஆக 16,800 ரூபாய். இது கோட்டை கட்டும் பணமல்ல. ஆனால் மாதத்தில் 12 நாள் உழைப்புக்கு அவரே சொன்ன விலை. மீதி நாட்களில் காலை வீடுகளின் சம்பளம் இருக்கிறது.

பேசிய தொகை, செய்யும் வேலை, செய்யாத வேலை மூன்றையும் ஒரு தாளில் எழுதி இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். "அப்படியே அந்த அலமாரியையும்…" என்று மாலை நாலு மணிக்கு வரும் வார்த்தைக்கு அந்தத் தாள்தான் பதில். தொகையில் ஒரு பகுதி முன்பணம். மீதி வேலை முடிந்து வீட்டைச் சுற்றிக் காட்டியதும். கடன் சொல்லும் பழக்கம் முதல் மாதமே நுழைந்தால் பிறகு வெளியேற்றுவது கடினம்.

வேலையில் ஒழுங்கு

அனுபவம் உள்ளவர்களுக்கும் வரிசை முக்கியம். மேலிருந்து கீழே, உள்ளிருந்து வாசலுக்கு, உலர்ந்ததை முடித்து ஈரம். முதலில் ஒட்டடை, பிறகு மின்விசிறி, பிறகு அலமாரி மேல், ஜன்னல், கடைசியில் தரை. மின்விசிறி இறக்கையில் பழைய தலையணை உறையை மாட்டி இழுத்தால் தூசி கட்டில் மேல் கொட்டாது. குளியலறைத் துணி சமையலறைக்குள் போகக் கூடாது. அதற்குத்தான் நிறம் பிரித்து வைப்பது. சுவிட்ச் போர்டுக்கு ஈரத் துணி ஆகாது. டி.வி. திரையில் திரவத்தைத் தெளிக்காமல், உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் துடைக்க வேண்டும்.

தரையைப் பார்த்து மருந்தைத் தீர்மானிக்க வேண்டும். மார்பிள் என்பது சுண்ணாம்புக் கல் இனம். ஆசிட், எலுமிச்சை, வினிகர் எதுவும் பட்டால் பளபளப்பு அரித்துப்போகும். மொசைக் தரையிலும் மார்பிள் துண்டுகள் உண்டு என்பதால் அதற்கும் இதே எச்சரிக்கை. பழைய பெங்களூர் வீடுகளின் காவித் தரைக்கும் ஆசிட் பகை. பல ஆயிரம் ரூபாய் பாலீஷ் ஒரு மூடி ஆசிட்டில் போய்விடும். ஈடு கட்ட வேண்டியவர் தொழில் நடத்துகிறவர். போர்வெல் தண்ணீரின் உப்புக் கறை குழாயிலும் டைல்ஸிலும் படிந்திருந்தால், சிட்ரிக் அமிலம் எனப்படும் எலுமிச்சை உப்பைக் கரைத்துச் சற்று ஊறவிட்டுத் தேய்க்கலாம். மார்பிள் பக்கம் மட்டும் அது போகக் கூடாது.

தண்ணீரைக் கொட்டிக் கழுவுவதுதான் சுத்தம் என்ற எண்ணமும் மாற வேண்டும். 2024 மார்ச்சில் தண்ணீர்த் தட்டுப்பாடு முற்றியபோது, குடிநீரால் வாகனம் கழுவுவது, தோட்டத்துக்குப் பாய்ச்சுவது போன்றவற்றைக் குடிநீர் வாரியம் தடை செய்து, மீறினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தது. இரண்டு பக்கெட் முறையில், ஒன்றில் சோப்புத் தண்ணீரும் மற்றொன்றில் அலசும் தண்ணீரும் வைத்து மாப் போட்டால் கொஞ்சத் தண்ணீரில் வேலை முடியும். தண்ணீருக்குக் காசு கொடுத்து டாங்கர் வரவழைக்கும் வீட்டுக்காரர் இதைக் கவனிக்காமல் போகமாட்டார்.

குப்பையைப் பிரித்துக் கொடுப்பதும் வேலையில் ஒரு பகுதி. ஈரக் குப்பைக்குப் பச்சைத் தொட்டி, உலர்ந்ததற்கு நீலம், டயபர் போன்றவற்றுக்குச் சிவப்பு. வெளியே எடுத்துக் கொட்டுகிறவரும் நம்மைப் போன்ற ஒரு தொழிலாளியே என்பதை மறக்கக் கூடாது. உடைந்த கண்ணாடியைக் காகிதத்தில் சுற்றி எழுதி வைத்தால் அவர் கை பிழைக்கும்.

மூச்சை நிறுத்தும் கலவை

கழிப்பறை கழுவும் ஆசிட்டையும் பிளீச்சிங் திரவத்தையும் ஒருபோதும் கலக்கக் கூடாது. கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். சின்னக் குளியலறையில் கதவை மூடிக்கொண்டு வேலை செய்கிறவருக்குக் கண் எரிந்து, நெஞ்சடைத்து, நுரையீரல் கெடும், உயிருக்கே ஆபத்தாகலாம். அம்மோனியா உள்ள கண்ணாடித் திரவத்தோடு பிளீச்சிங்கைச் சேர்த்தாலும் நச்சுப் புகை வரும். "ரெண்டையும் ஊத்தினால் நல்லா வெளுக்கும்" என்று யாராவது சொல்லிக் கொடுத்திருந்தால் அதை அன்றோடு மறக்க வேண்டும்.

5 சதவீத வலுவுள்ள பிளீச்சிங் திரவம் என்றால், கிருமி போக்க 1 லிட்டர் தண்ணீருக்கு 20 மில்லி போதும். அன்றன்று கரைத்து அன்றன்று தீர்க்க வேண்டும். சுடுதண்ணீரில் கரைக்கக் கூடாது. குடிதண்ணீர் பாட்டிலில் எந்தத் திரவத்தையும் ஊற்றி வைக்கக் கூடாது. லேபிள் படிக்கத் தெரியாதவர்களுக்காக, பாட்டிலில் நிற நாடா ஒட்டி வைப்பது சிறந்த ஏற்பாடு.

மறுக்க வேண்டிய வேலை

"வந்ததே வந்தீர்கள், அந்த செப்டிக் டாங்கையும் பார்த்துவிடுங்கள், ஆயிரம் கூடத் தருகிறேன்" என்று கேட்கும் வீடுகள் இன்னும் உண்டு. இதற்கு ஒரே பதில், மாட்டோம் என்பதுதான். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஒரு மனிதரைச் சாக்கடைக்குள்ளோ செப்டிக் டாங்குக்குள்ளோ இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இறக்கச் சொன்ன வீட்டுக்காரர் மட்டுமல்ல, ஆளை அனுப்பியவரும் குற்றவாளியே. சாக்கடை மரணங்களுக்கு 30 லட்சம் ரூபாய் நஷ்டஈடு தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. எத்தனை லட்சம் வந்தாலும் போன உயிர் வருவதில்லை. இயந்திர வண்டியைக் கூப்பிடச் சொல்லிவிட்டு நகர வேண்டியதுதான்.

நிலத்தடி சம்ப் விஷயத்திலும் எச்சரிக்கை வேண்டும். குடிதண்ணீர் தொட்டிதானே என்று தோன்றும். நெடுநாள் மூடிக் கிடந்த தொட்டியிலும், உள்ளே புதிதாகப் பூச்சுப் பூசிய தொட்டியிலும் மூச்சுக்குக் காற்று இல்லாமல் போகலாம். அதற்கான பயிற்சியும் கருவியும் உள்ளவர்களிடம் அதை விட்டுவிடுவதே நல்லது. மாடி வீட்டு ஜன்னலின் வெளிப்புறம் தொங்கிக்கொண்டு துடைப்பதும் இதே பட்டியலில் சேரும்.

பொருள் காணோம் என்றால்

இந்தத் தொழிலில் எல்லோரும் அஞ்சும் சொல் இது. மோதிரம் காணோம் என்றதும் முதல் சந்தேகம் ஏழைமேல்தான் விழுகிறது. நாலு நாள் கழித்துப் பொருள் சோபா இடுக்கில் கிடைத்தாலும், பட்ட அவமானம் திரும்பப் போவதில்லை.

வருமுன் காக்கும் வழிகள் சில. நகை, பணம், பத்திரம் ஆகியவற்றைப் பூட்டி வைக்குமாறு முதல் நாளே எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். ஒரு வீட்டுக்கு ஒருவரை மட்டும் தனியாக அனுப்பக் கூடாது. வீட்டார் ஒருவர் உடன் இருக்க வேண்டும். தொடங்குமுன் ஏற்கெனவே உள்ள கீறல், உடைசல் ஆகியவற்றைப் படம் எடுத்து வைக்க வேண்டும். கிடைத்த எந்தப் பொருளும், அது ஒரு ரூபாய் நாணயமாக இருந்தாலும், வீட்டார் கையில் கொடுத்துத் தாளில் குறிக்க வேண்டும்.

இவ்வளவும் செய்து புகார் வந்தால், நடத்துகிறவர் உடனே நேரில் போக வேண்டும். பெண்களின் உடலையும் பையையும் சோதிக்க வீட்டாருக்கு உரிமை இல்லை; புகார் இருந்தால் போலீசுக்குப் போகலாம். இதைப் பணிவாகவும் உறுதியாகவும் சொல்லத் தெரிய வேண்டும். தன் ஆளை அந்த நேரத்தில் கைவிடுகிறவரிடம் பிறகு யாரும் வேலைக்கு நிற்கமாட்டார்கள். வேலையாட்களுக்கு சேவா சிந்து வழியாகப் போலீஸ் சான்று வாங்கி வைத்துக்கொள்வது இந்த நேரத்தில் கைகொடுக்கும்.

பதிவும் சட்டமும்

2020 ஜூலை 1 முதல் உத்யம் பதிவு நடைமுறையில் உள்ளது. ஆதார் எண் கொண்டு இணையத்தில் இலவசமாகப் பதியலாம். இதற்கு ஆயிரம், இரண்டாயிரம் கேட்கும் இடைத்தரகர்களை நம்ப வேண்டாம். ஆபீஸ் போட்டு ஆள் வைத்து நடத்தினால், கர்நாடகக் கடைகள் மற்றும் வர்த்தக நிறுவனங்கள் சட்டம் 1961-ன்படி தொழிலாளர் துறையில் பதிய வேண்டும். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டாத வரை ஜி.எஸ்.டி. பதிவு பொதுவாகக் கட்டாயமில்லை. ஆட்கள் 10 பேரைத் தொட்டால் இ.எஸ்.ஐ. பொறுப்பும், 20 பேரைத் தொட்டால் பிராவிடண்ட் ஃபண்ட் பொறுப்பும் வரும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

வீட்டு வேலைக்குக் குறைந்தபட்சக் கூலியைக் கர்நாடகம் 2004-லேயே நிர்ணயித்தது. கூலி விகிதத்தைப் பஞ்சப்படியோடு சேர்த்துத் தொழிலாளர் துறை அவ்வப்போது அறிவிக்கும். அதற்குக் கீழே ஒருவருக்கும் கொடுக்கக் கூடாது. கூலிக்குப் பதிலாக அட்வான்ஸ் கொடுத்து, அது தீரும்வரை வேறு இடம் போகக் கூடாது என்று கட்டிவைப்பதும் குற்றமே. 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் கல்குவாரிக்கும் செங்கல் சூளைக்கும் மட்டும் உரியதல்ல. பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளையை "அம்மாவுக்குத் துணை" என்ற பேரிலும் வேலைக்கு அழைத்துப் போகக் கூடாது.

வேலை செய்கிற வீடும் ஒரு பணியிடம்தான் என்று, பெண்களுக்கு எதிரான பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பத்துப் பேருக்குக் குறைவான ஆட்கள் உள்ள இடத்துப் பெண்கள், மாவட்ட அளவிலான உள்ளூர்ப் புகார்க் குழுவிடம் முறையிடலாம். எந்த வீட்டில் எந்தப் பெண் சங்கடப்பட்டாலும், அந்த வீட்டு வேலை அன்றோடு நின்றுவிட வேண்டும். அவர் எவ்வளவு பெரிய வாடிக்கையாளராக இருந்தாலும் சரி.

ஒவ்வொருவர் பெயரையும் இ-ஷ்ரம் தளத்தில் பதிந்துவிடலாம். பாங்குக் கணக்கு உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு 20 ரூபாய் பிரீமியத்தில் பிரதமர் சுரக்ஷா பீமா விபத்துக் காப்பீடு உண்டு. 18 முதல் 70 வயது வரை சேரலாம். விபத்தில் உயிர் போனால் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். ஏணியில் ஏறுகிறவருக்கு இந்த 20 ரூபாயைத் தொழிலே கட்டிவிடுவது நியாயம்.

ஒரு டம்ளர் தண்ணீர்

எழுதும் தாளில் கூலிக்கும் சாமானுக்கும் கீழே இன்னும் இரண்டு வரி சேர்க்க வேண்டும். வேலை செய்கிறவர்களுக்குக் குடிதண்ணீர் கொடுக்கப்படும். அந்த வீட்டுக் கழிப்பறையைப் பயன்படுத்தலாம். ஆறு மணி நேரம், ஏழு மணி நேரம் ஒரு வீட்டைத் துலக்குகிறவர், தான் கழுவிய கழிப்பறையைத் தானே பயன்படுத்த முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருப்பது இன்றும் பல இடங்களில் நடக்கிறது. தனியாக ஒரு பெண் இதைக் கேட்டால் வேலை போகும். தொழில் என்ற பெயரில், எழுத்தில் கேட்டால் மறுக்கிறவர்கள் குறைவு. மறுக்கிற வீட்டை விட்டுவிடலாம். சுத்தம் செய்ய வேண்டிய வீடுகள் இந்த ஊரில் தீரப்போவதில்லை.

தொடங்க நினைப்போர் இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு நோட்டை எடுத்துச் செலவுக் கணக்கை எழுதிப் பார்க்கலாம். முதல் பக்கத்தில் கூலி எவ்வளவு என்று எழுதி அடிக்கோடு போட்டுவிட்டு, விலையை அதற்கு மேல் கட்ட வேண்டும். விலையை முதலில் சொல்லிவிட்டு மிஞ்சியதைக் கூலியாகக் கொடுக்கும் வழி ஏற்கெனவே ஊரெல்லாம் இருக்கிறது. அந்த வழியில் நடக்க இன்னொருவர் தேவையில்லை.